எல்லைக் கல்லும் செல்போன் புள்ளியும்

(அறந்தாங்கியில் முத்தவல்லிமார்களும் ஜமாஅத் குடும்பத்தினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்துக்கான அழைப்பில் "வரைபடம் பற்றிப் பேசுவோம்" என்று எழுதியிருந்தோம். ஒரு பெரியவர் போன் செய்து, "பிள்ளைகள் பரீட்சைக்கா தம்பி?" என்று கேட்டார். "இல்லை மாமா, நம்ம மையவாடிக்குத்தான்" என்றோம். "மையவாடிக்கு எதுக்கு மேப்பு? எல்லாரும் வழி தெரிஞ்சுதானே போய்ச் சேர்றாங்க" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

வரைபடம் நமக்குப் புதிதல்ல. தினமும் ஐந்து வேளை நாம் ஒரு திசையைப் பார்த்து நிற்கிறோம். புதுக்கோட்டையிலிருந்து கணக்குப் போட்டால் கஅபா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து சுமார் 21 பாகை வடக்கே தள்ளி இருக்கிறது. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம பள்ளியின் மிஹ்ராபு சரியா?" என்று கேட்கும் இளைஞர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த மஸ்அலாவை ஹஜ்ரத்துகளிடம் விட்டுவிடுகிறோம். நாம் சொல்ல வருவது வேறு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அல்பீரூனி என்ற அறிஞர், ஊர்கள் பூமியில் எங்கே இருக்கின்றன என்று கணிப்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கஸ்னி நகரத்துக்குக் கிப்லாத் திசையைக் கண்டுபிடிப்பது அதில் அவர் வைத்துக்கொண்ட முக்கியமான நோக்கம். அந்தக் காலத்தில் ஓர் இடத்தைக் குறிக்க நட்சத்திரம் பார்க்க வேண்டும், மலை ஏற வேண்டும், மாதக்கணக்கில் கணக்குப் போட வேண்டும். இன்று நம் வீட்டுப் பிள்ளை திரையில் ஒரு விரல் வைத்தால் போதும். வேலை எளிதாகிவிட்டதால் அதைக் கவனமில்லாமல் செய்யும் பழக்கமும் வந்துவிட்டது.

என்ன கவனக்குறைவு என்று கேட்பீர்கள். நம் கதையையே சொல்கிறோம்.

2025ஆம் ஆண்டு வக்பு திருத்தச் சட்டம் வந்ததையும், அதன்படி ஜூன் 6 அன்று 'உமீத்' என்ற மத்திய அரசின் இணையதளம் தொடங்கப்பட்டதையும், ஏற்கெனவே உள்ள வக்பு சொத்துகள் எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்குள் அதில் ஏற்ற வேண்டும் என்று சொன்னதையும் நீங்கள் அறிவீர்கள். சட்டத்தைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. செப்டம்பர் 15 அன்று சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடையும் வந்தது. ஆனால் பதிவேற்றும் வேலைக்குத் தடை இல்லை. ஒவ்வொரு சொத்துக்கும் அது பூமியில் இருக்கும் இடத்தை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, சேர்த்துக் கொடுக்க வேண்டும். நம் அறக்கட்டளை பல கிராமத்து ஜமாஅத்துகளுக்கு இந்த வேலையில் உதவியது. இரவு பகலாக உட்கார்ந்தோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஒரு நாள், ஏற்றிய புள்ளிகளைச் செயற்கைக்கோள் படத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு பள்ளிவாசல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது! பார்த்தால், பதிவு செய்த தம்பி ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்துகொண்டு, தன் செல்போன் அந்த நேரத்தில் காட்டிய எண்ணை அப்படியே எழுதிவிட்டார். அவர் நின்ற இடம் பள்ளிவாசலின் இடமாகிவிட்டது. இன்னொரு கிராமத்து மையவாடி கண்மாய்க்கு நடுவில் கிடந்தது. அங்கே நடந்தது என்னவென்றால், எண்ணில் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் மட்டும் எழுதி மீதியை விட்டிருந்தார்கள். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் அந்த எண் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்துக்குப் பொதுவாகிவிடும். நான்கு இலக்கம் எழுதினால் 11 மீட்டர். ஐந்து எழுதினால்தான் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். நம் தாத்தாமார் வேலி போட்டுக் காத்த இடத்தை, நாம் சோம்பலில் விட்ட மூன்று எண்கள் தண்ணீருக்குள் தள்ளிவிட்டன.

இந்தத் தவறு எங்களுடையது. யாரையும் குறை சொல்லவில்லை. கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை அல்லாஹ் அறிவான்.

சரி, எண்ணைச் சரியாகப் போட்டால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. வெட்டவெளியில் நின்றால் செல்போன் காட்டும் இடம் சுமார் 5 மீட்டர் அங்கே இங்கே இருக்கலாம். மரத்தடியில், கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் விலகும். 5 மீட்டர் என்றால் 16 அடி. பத்து சென்ட் இடம் சதுரமாக இருந்தால் அதன் ஒரு பக்கமே 66 அடிதான். எல்லைத் தகராறில் நாம் சண்டை போடுவது அரை அடிக்கும் ஓர் அடிக்கும். ஆக, செல்போன் புள்ளி "இந்த இடம் இங்கே இருக்கிறது" என்று சொல்லும். "இது எதுவரைக்கும்" என்று சொல்லாது. அதைச் சொல்வது வருவாய்த் துறையின் புலப்படம். அதை எஃப்.எம்.பி. என்று சொல்வோம். அதிலுள்ள அளவும், நிலத்தில் நட்ட கல்லும், சர்வேயர் சங்கிலியும் ஒத்துப்போக வேண்டும். கூகுள் படத்தில் தெரியும் கோட்டைக் காட்டி "இதுதான் எங்கள் எல்லை" என்று எந்த ஜமாஅத்தும் வாதாட வேண்டாம்.

நம்மிடம் இருக்கும் பழைய பத்திரங்களைப் பாருங்கள். செக்குபந்தி எப்படி எழுதியிருக்கும்? கிழக்கே இன்னாருடைய புளியந்தோப்பு, மேற்கே கண்மாய்க் கரை, வடக்கே வண்டிப்பாதை, தெற்கே பனைவரிசை. எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அது போதும். அந்தப் புளியந்தோப்பு இன்று பிளாட். வண்டிப்பாதை தார்ச்சாலை. பனைவரிசையைத் தேடினால் ஒரு பனையும் இல்லை. 1954ஆம் ஆண்டு வக்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த கணக்கெடுப்பிலும் இப்படிப்பட்ட விவரங்களே நிறைய. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். நில உடைமைப் பதிவில், அப்போது யார் வந்து நின்று பெயர் சொன்னாரோ அவர் பெயர் ஏறியது. யாரும் போகாத இடங்களில் "சர்க்கார் புறம்போக்கு" என்று ஏறியது. சில இடங்களில் முத்தவல்லியின் சொந்தப் பெயரில் பட்டா விழுந்தது. அவர் நல்ல மனிதர். மௌத்தாகி நாற்பது வருடம் ஆகிவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு இது வக்பு என்றே தெரியாது. பாட்டனார் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் திருடர்கள் என்று சொல்ல முடியுமா? கணக்கு எழுதிய நாளில் நாம் அங்கே இல்லை.

அரசாங்கம் நிலத்தை அளப்பது வரி வாங்கவும் ஆட்சி செய்யவும்தான். 1802இல் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னை பரங்கிமலைப் பக்கத்தில் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கியது, பிறகு இந்தியா முழுவதையும் அளந்த பெருவேலையாக வளர்ந்தது. அந்த அளவைத் துறையில் நுட்பமான கருவிகளைச் செய்து பழுதுபார்த்தவர்களில் ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் முஹ்சின் ஹுசைன் என்பவரும் ஒருவர். எவரெஸ்ட் துரையே அவரைப் பாராட்டியிருக்கிறார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அளக்கும் கருவியைச் செய்யத் தெரிந்தவர்கள் நம்மில் இருந்திருக்கிறார்கள். அளந்த பிறகு கணக்கைச் சரிபார்க்கும் பழக்கம்தான் நம் ஜமாஅத்துகளில் இல்லாமல் போய்விட்டது.

2025 டிசம்பர் 1 அன்று கால அவகாசம் நீட்டிக்க உச்ச நீதிமன்றம் மறுத்து, வேண்டியவர்கள் வக்பு தீர்ப்பாயத்தை அணுகலாம் என்றது. டிசம்பர் 6 அன்று இணையதளம் மூடியபோது நாடு முழுவதும் 5 லட்சத்து 17 ஆயிரம் சொத்துகள் பதிவுக்கு வந்திருந்தன; ஒப்புதல் கிடைத்தவை 2 லட்சத்து 17 ஆயிரத்தை ஒட்டி. மீதியில் பெரும்பாலானவை சரிபார்ப்பிலும் பாதியிலும் நின்றன. பத்திரம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பயன்பாட்டால் மட்டுமே வக்பாக இருந்துவரும் இடங்களுக்குப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. புதிதாக அந்த வகையில் வக்பு ஏற்பட இந்தச் சட்டம் வழி வைக்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பேசாமல் போனால் அது நேர்மை ஆகாது. 2022இல் திருச்சி மாவட்டம் திருச்செந்துறை கிராமத்தில் என்ன நடந்தது? பரம்பரையாக நிலம் வைத்திருந்த மக்கள் விற்கப் போனபோது, இது வக்பு வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது, தடையில்லாச் சான்று வாங்கி வாருங்கள் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னார்கள். ஊரே பதறியது. நாடு முழுவதும் அந்தச் செய்தி போயிற்று. ஒரு பட்டியலில் ஒரு கிராமத்தின் சர்வே எண்கள் ஏறினால், மகள் கல்யாணத்துக்காக நிலம் விற்கப் போன ஒருவரின் வயிற்றில் அது நெருப்பாக விழுகிறது. அவர் நம் அண்டை வீட்டுக்காரர். நம் மையவாடி புறம்போக்கு என்று ஏறினால் நமக்கு எப்படி எரிகிறதோ அப்படித்தான் அவருக்கும்.

நம் பக்கத்து ஊர் மையவாடி ஒன்றில் இதை நேரிலேயே பார்த்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதே, அதில் வேலியும் போயிற்று, எல்லைக்கு அடையாளமாக நின்ற மரங்களும் போயின. பக்கத்துத் தோப்புக்காரர் புதிதாகத் தென்னங்கன்று வைத்தபோது ஒரு வரிசை நம் பக்கம் வந்துவிட்டது என்று நம் பிள்ளைகள் கொதித்தார்கள். ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் போய், சண்டை வேண்டாம், அளப்போம் என்றோம். எஃப் லைன் அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயர் வந்து, தோப்புக்காரர் குடும்பத்தையும் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சங்கிலி பிடித்தார்கள். தென்பக்கம் அவருடைய கன்றுகள் நம் இடத்தில் இருந்தது உண்மை. மேற்குப் பக்கம் நம் சுற்றுச்சுவர் அவர் நிலத்தில் அரை சென்ட் அளவுக்கு நின்றதும் உண்மை. கொதித்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் கன்றுகளைப் பிடுங்கி நட்டுக்கொண்டார். சுவரை இடிக்க வேண்டாம், இருக்கட்டும் என்று அவரே சொன்னார். இல்லை ஐயா, வக்புக்கு இன்னொருவர் நிலம் வேண்டாம் என்று ஜமாஅத் இடித்துக் கட்டியது. செலவு அதிகம்தான், இரண்டு வருடச் சந்தா போயிற்று.

நிலத்தை விட்டுக் கடலுக்கு வருவோம். நம் மாவட்டக் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் படகுக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் ஜி.பி.எஸ். என்றால் என்னவென்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் ஆறு புள்ளிகளைக் குறித்து, அவற்றை இணைத்துக் கோடு போட்டன. கடலில் அந்தக் கோட்டுக்கு வேலி இல்லை, கல் இல்லை. பெட்டியின் திரையில் மட்டும் இருக்கிறது. அந்தக் கோட்டை வைத்துத்தான் கைது, படகு பறிமுதல், அபராதம், சிறை. வீட்டில் இருக்கும் பெண்கள் இரவெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கோடு தெரியாமல் போகிறார்கள் என்று முன்பு சொல்லலாம். இப்போது திரையே சொல்கிறது. மீன் அந்தப் பக்கம், கடன் இந்தப் பக்கம் என்றால் கருவி என்ன செய்யும்? அது பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இரண்டு கரை மீனவர்களும், அந்தக் கரையிலும் தமிழ் பேசும் ஏழைகள்தான், உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

ஆனால் அதே கருவி உயிரையும் காக்கும். 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கன்னியாகுமரிக் கரையில் எத்தனை குடும்பங்கள் அழிந்தன! அதற்குப் பிறகு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பவும் பெறவும் வசதியுள்ள டிரான்ஸ்பாண்டர் கருவி வந்தது. 2024 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு அதைப் பொருத்தும் திட்டத்தை 364 கோடி ரூபாயில் மத்திய அரசு தொடங்கியது. நம் கடற்கரைச் சகோதரர்கள் சிலர், "நாங்க எங்கே இருக்கோம்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே" என்று தயங்குகிறார்கள். தெரியும்தான். புயல் வரும் இரவில் தெரிய வேண்டும் என்றுதான் வீட்டிலுள்ளவர்கள் துஆ செய்கிறார்கள். கருவியை அணைத்துவிட்டுப் போகாதீர்கள்.

இனி நம் சட்டைப் பைக்கு வருவோம். நூறு நாள் வேலைக்குப் போன சகோதரிகளுக்குத் தெரியும்: 2023 ஜனவரி முதல் வேலையிடத்தில் நின்று ஒரு நாளைக்கு இரண்டு முறை இடக்குறிப்போடு போட்டோ எடுத்தால்தான் வருகை என்றார்கள். போலிக் கணக்கு எழுதுவதைத் தடுக்க என்றார்கள், நல்லது. சிக்னல் கிடைக்காத பொட்டலில் நின்று, போட்டோ ஏறாததால் உழைத்த கூலி வராமல் போனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஆளைப் பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குப் போய் வந்தவர்களைத் தேடியபோது செல்போன் கோபுரப் பதிவுகளையும் வைத்துத் தேடினார்கள். நோய்த்தொற்று நேரத்தில் தொடர்பில் வந்தவர்களைக் கண்டுபிடிப்பது அவசியம்தான். நம் அறக்கட்டளையும் பரிசோதனைக்கு வாருங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது. ஆனால் கோபுரத்துக்கு ஓர் அறையும் தெரியாது, ஒரு கட்டடமும் தெரியாது. அந்தப் பகுதியில் கடை வைத்திருப்பவரும், ஆட்டோவில் கடந்து போனவரும், மர்கஸில் தங்கியவரும் அதற்கு ஒன்றுதான். அந்தப் பட்டியல் பத்திரிகையிலும் வாட்ஸ்அப்பிலும் பெயராகவும் பழியாகவும் மாறியபோது நாம் பட்டது என்ன என்பதை இங்கே விரிக்க வேண்டாம்.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு செய்தி வந்தது. உலகம் முழுவதும் 9 கோடிக்கும் மேல் பதிவிறக்கம் ஆன 'முஸ்லிம் புரோ' என்ற தொழுகை நேரம், கிப்லா காட்டும் செயலி, பயனாளிகள் இருக்கும் இடத்தை 'எக்ஸ்-மோட்' என்ற தரவு வியாபார நிறுவனத்துக்குக் கொடுத்தது என்றும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்கள் இருந்தார்கள் என்றும் பத்திரிகையாளர்கள் வெளிப்படுத்தினார்கள். செயலி நிறுவனம் அந்த உறவை முறித்துக்கொண்டதாக அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், வழிபாட்டுத் தலம், மருத்துவமனை போன்ற இடங்களுக்கு யார் போகிறார்கள் என்ற தகவலை அந்தத் தரவு நிறுவனம் விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கிப்லா தேடித் திரும்பிய முகத்தை யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்! நம் ஊருக்குக் கிப்லா ஒருமுறை தெரிந்தால் போதும், அது மாறப்போவதில்லை. தொழுகை நேர அட்டவணை பள்ளிவாசல் சுவரிலேயே தொங்குகிறது. செயலிக்கு "எப்போதும் இடம் பார்க்கலாம்" என்ற அனுமதி எதற்கு? இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு தம்பிகள் நிற்பார்கள்; அதை எப்படி நிறுத்துவது என்று காட்டித் தருவார்கள்.

அரசுக்கும் எல்லை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 8 அன்று ஒரு ஜாமீன் வழக்கில், ஜாமீனில் வெளிவந்தவர் கூகுள் வரைபடத்தில் தன் இடத்தைப் போலீசுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கே அந்த மரியாதை உண்டு என்றால், வீட்டில் நாம் என்ன செய்கிறோம்? கல்லூரிக்குப் போகும் மகளின் போனில் அவளுக்குத் தெரியாமல் செயலி போட்டுப் பார்க்கும் தகப்பன்மார் நம்மில் இருக்கிறார்கள். பயம் புரிகிறது. ஆனால் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் சம்மதத்தோடு, பேருந்து தாமதமாகும் நாளில் பார்ப்பது வேறு. ஒளிந்து பார்ப்பது வேறு. அது தெரியவரும் நாளில் உடைவதை எந்தச் செயலியும் ஒட்டவைக்காது.

இதை நாங்கள் சொந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டோம். நம் ஆம்புலன்ஸில் ஜி.பி.எஸ். பொருத்தியபோது டிரைவரிடம் முன்கூட்டிப் பேசவில்லை. "பத்து வருஷமா ராத்திரி பகல் பாக்காம ஓட்டுறேன், இப்பத்தான் சந்தேகம் வந்துச்சா?" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டார். அவர் கேட்டது நியாயம். உட்கார்ந்து பேசினோம். நாங்கள் பார்க்கும் அதே திரையை அவர் போனிலும் வைத்துக் கொடுத்தோம். வண்டி ஓடாத நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை, மூன்று மாதத்துக்கு மேல் பதிவு வைப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பிறகு ஒருநாள், வண்டி தாமதமாக வந்ததால்தான் நோயாளி மிகவும் மோசமாகிவிட்டார் என்று ஒரு குடும்பம் வேதனையில் புகார் சொன்னது. பதிவைப் பார்த்தோம். ரயில்வே கேட்டில் 18 நிமிடம் நின்றிருக்கிறது. டிரைவர் மேல் இருந்த பழி போயிற்று.

சவூதியில் மௌத்தான நம் ஊர்ச் சகோதரர் ஒருவரின் மையத்து திருச்சி விமான நிலையம் வந்த இரவை மறக்க முடியாது. அதே ஆம்புலன்ஸ்தான். டிரைவர் இருப்பிடத்தைக் குடும்பத்துக்கு அனுப்பி வைத்திருந்தார். வீட்டுத் திண்ணையில் அந்தத் தாய் பேரனின் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கீரனூர் தாண்டிருச்சு, புதுக்கோட்டை வந்திருச்சு, அறந்தாங்கி வந்திருச்சு என்று பேரன் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அந்தப் புள்ளி தெருமுனை திரும்பியபோதுதான் அவர் எழுந்தார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறோம். வரும் ஞாயிறு காலை ஃபஜ்ருக்குப் பிறகு நம் மையவாடியிலிருந்து தொடங்கி எல்லைகளை நடந்து பார்க்கப் போகிறோம். முத்தவல்லிமார்கள் பத்திரம், பட்டா, 'அ' பதிவேடு நகல், புலப்படம் என்று கையில் உள்ளதை எடுத்து வாருங்கள். எதுவும் இல்லாதவர்களும் வாருங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நாங்களே நேரில் போய்ச் சொல்லிவிட்டோம், அவர்களும் வருகிறார்கள். அந்தக் காலத்துக் கல் எங்கே இருந்தது என்று நினைவிருக்கும் பெரியவர்களைப் பேரப்பிள்ளைகள் வண்டியில் அழைத்து வர வேண்டும். அவர்கள் காட்டும் இடத்தில் நின்று ஐந்து இலக்கம் வரை எண்ணை எழுதிக்கொள்ள இளைஞர்கள் வேண்டும். பெயரில் பிழை இருக்கும் இடங்களுக்குத் திருத்த மனுவும், எஃப் லைன் அளவைக்கு விண்ணப்பமும் நம் அலுவலகத்தில் எழுதித் தருகிறோம். அளவைக் கட்டணம் கட்ட முடியாத ஜமாஅத்துக்கு அறக்கட்டளை கட்டும். கயிறும் சுண்ணாம்பும் நாங்கள் கொண்டு வருகிறோம். முள் அடர்ந்து கிடக்கிறது, செருப்புப் போட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.